கோல் கணக்கில் தெரியாத கேப்டன்: ஃபானேவா அண்ட்ரியாட்சிமாவும் மடகாஸ்கர் கால்பந்தும்

ஒரு கால்பந்து வீரரைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு அட்டவணை. எந்த வருஷம், எந்த கிளப், எத்தனை ஆட்டம், எத்தனை கோல். எனக்கு இந்த மாதிரி அட்டவணைகள் ரொம்பப் பிடிக்கும். வேலையும் அதுதான், பொழுதுபோக்கும் அதுதான். ஆனால் சில பேருடைய வாழ்க்கை இந்த நான்கு பத்திக்குள் அடங்குவதில்லை. மடகாஸ்கரின் ஃபார்வர்டு ஃபானேவா அண்ட்ரியாட்சிமா அப்படி ஒருவர்.

அவருடைய அட்டவணையை மட்டும் பார்த்தால் தோன்றுவது இதுதான்: பிரான்சின் இரண்டாம் டிவிஷனில் கிரெடெய், சோஷோ, கிளெர்மோன் போன்ற கிளப்புகளுக்கு ஆடிய ஒரு உயரமான ஸ்ட்ரைக்கர். பெரிய கோப்பை எதுவும் இல்லை. கோடிக்கணக்கில் டிரான்ஸ்ஃபர் எதுவும் இல்லை. ஐரோப்பிய கால்பந்தை வாராவாரம் பார்க்கிறவர்களில் கூட முக்கால்வாசிப் பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதே மனிதர் 2019 ஜூலை 7-ஆம் தேதி, எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில், 35 வயதில், ஆப்பிரிக்கக் கோப்பையின் நாக்அவுட் ஆட்டத்தில் தன் நாட்டுக்காக ஒரு கோல் அடித்தார். அவர் பிறந்த 1984-லிருந்து அந்த வருஷம் வரைக்கும் மடகாஸ்கர் ஒரு தடவைகூட அந்தப் போட்டிக்குத் தகுதி பெற்றதே கிடையாது. அவர் பிறப்பதற்கு முன்னாலும் கிடையாது.

இந்த இரண்டு விஷயத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் குறிப்பு. ஒரு மலகாஸி ஃபார்வர்டின் வாழ்க்கை ஏன் இப்படி அமைகிறது? திறமை எங்கே உருவாகிறது, எங்கே போகிறது, திரும்பி வருகிறதா?

முதலில் பெயர்

மலகாஸி பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். அது ஆப்பிரிக்கக் கண்டத்தின் பண்டு மொழிகளைச் சேர்ந்த மொழி இல்லை. இந்தோனேசியா, மலேசியா பக்கத்து ஆஸ்ட்ரோனேசிய மொழிக் குடும்பம். போர்னியோ தீவில் பேசப்படும் மாஅன்யான் மொழிதான் அதற்கு மிக நெருங்கிய சொந்தம். பல சொற்கள் சேர்ந்து ஒரே பெயராக ஆகிவிடும். 'அண்ட்ரியா' என்ற முன்னொட்டு பிரபுக்கள், அரசகுலம் என்ற பொருளில் இருந்து வந்தது. அதனால்தான் அணிப் பட்டியலில் அண்ட்ரியாட்சிமா, அண்ட்ரியாமட்சினோரோ என்று வரிசையாக வரும். ரசிகர்கள் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை. லலாயினா நொமென்ஜனாஹாரி என்பவர் எல்லாருக்கும் 'பொலிடா'. அண்ட்ரியாமட்சினோரோ வெறும் 'கரோலுஸ்'. நம்ம ஆள் 'ஃபானேவா'. மலகாஸியில் ஃபானேவா என்றால் கொடி.

தேசிய அணியின் பட்டப்பெயர் 'பரேயா'. அது ஒரு வகை மாடு. திமில் வைத்த மாடு, நம் நாட்டு மாடுகளின் இனமேதான். அந்தத் தீவில் செல்வம், மரியாதை, சடங்கு எல்லாமே மாட்டைச் சுற்றித்தான். அணிக்கு முன்பு இருந்த பட்டப்பெயர் 'தேள்கள்'. மாடு எவ்வளவோ பொருத்தம்.

உள்ளூரில் என்ன இருந்தது

மடகாஸ்கர் பரப்பளவில் பிரான்சை விடப் பெரிய தீவு. சாலைகள் மோசம், மழைக்காலத்தில் பல ஊர்கள் துண்டித்துப் போகும். இப்படிப்பட்ட நாட்டில் 'வாராவாரம் வெளியூர் போய் ஆடிவிட்டு வா' என்ற மாதிரி லீக் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அணியைப் பஸ்ஸில் அனுப்பினால் போக ஒரு நாள், வர ஒரு நாள். விமானத்தில் அனுப்ப கிளப்பிடம் காசு கிடையாது.

அதனால் பல வருஷங்கள் தேசிய சாம்பியன்ஷிப் வேறு மாதிரி நடந்தது. முதலில் ஒவ்வொரு பிராந்தியத்துக்குள்ளும் போட்டி. அதில் ஜெயித்த அணிகள் ஒரு இடத்தில் கூடி, குழுக்களாகப் பிரிந்து, குறுகிய காலத்தில் ஆடி முடித்துவிடும். டி.எச்.பி. என்ற உள்ளூர் பீர் பிராண்டின் பெயரில் 'சாம்பியன்ஸ் லீக்' என்று அதற்குப் பெயர். பெயர் பெரிசு, ஆட்டங்கள் கம்மி. ஐரோப்பாவின் லீக் 2-ல் ஒரு அணி அப்போதெல்லாம் ஒரு சீசனில் 38 ஆட்டம் ஆடும். இங்கே உள்ள பையனுக்கு அந்த அளவு போட்டி அனுபவம் கிடைக்க வழியே இல்லை. சீசன் முழுக்க நடக்கிற தேசிய 'புரோ லீக்' 2019-20-ல்தான் தொடங்கியது. அதாவது ஃபானேவா தலைமுறை முழுசும் அது இல்லாமலேயே வளர்ந்தது.

ஆனால் இல்லாத பட்டியலை மட்டும் போடுவது நியாயம் இல்லை. தலைநகர் அண்டனானரிவோவில் தெருவுக்குத் தெரு பந்து உண்டு. கால்பந்தோடு ரக்பி பைத்தியமும் சேர்ந்தே உண்டு. அஜெசாயா மாதிரி பயிற்சிக்கூடத்தில் இருந்து வளர்ந்த கிளப்புகளும் இருந்தன. 2007-லும் 2009-லும் அஜெசாயா நாட்டின் சாம்பியன். கரோலுஸ், நடுக்கள வீரர் இப்ராஹிம் அமடா எல்லாம் அந்த வட்டத்தில் இருந்து வந்தவர்கள். திறமைக்குப் பஞ்சம் இல்லை. அதை வருஷம் முழுக்க ஆட வைத்துப் பழுக்க வைக்கும் அமைப்புதான் இல்லை. ஆகவே 20 வயதுக்குள் தீவை விட்டு வெளியேறினால்தான் தொழில்.

வெளியேறும் வழிகள்

முதல் வழி பிரான்ஸ். 1960 வரை காலனி ஆட்சி, அதனால் மொழி பிரச்சினை இல்லை. பக்கத்துத் தீவான ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம் (தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழும் அதே ரீயூனியன்தான்). அந்தத் தீவின் லீக்கில் எப்போதும் மலகாஸி வீரர்கள் உண்டு. பலருக்கு முதல் படி அது.

ஆனால் மொழி மட்டும் போதாது. ஐரோப்பிய லீக்குகளில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் ஒரு அணியில் இத்தனை பேர்தான்' என்று ஒரு வரம்பு இருக்கும். ஆப்பிரிக்க வீரரை எடுத்தால் அந்த இடங்களில் ஒன்று போய்விடும். பிரான்சில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. காரணம் ஒரு கூடைப்பந்து வீராங்கனை! லிலியா மலாஜா என்ற போலந்துக்காரர். அப்போது போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. 'ஒப்பந்தம் இருக்கும்போது என்னை எப்படி வெளியாள் என்று எண்ணலாம்' என்று அவர் வழக்குப் போட்டார். பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2002 டிசம்பரில் அவர் பக்கம் தீர்ப்பை உறுதி செய்தது. இதே தர்க்கம் கோட்டோனு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆப்பிரிக்க, கரீபியன், பசிபிக் நாடுகளுக்கும் நீண்டது. மடகாஸ்கர் அதில் ஒன்று. பிரெஞ்சு இரண்டாம், மூன்றாம் டிவிஷனில் ஏன் இத்தனை ஆப்பிரிக்க வீரர்கள் என்பதற்கு இந்தச் சட்ட நுணுக்கமும் ஒரு முக்கிய காரணம்.

இரண்டாவது வழி வட ஆப்பிரிக்கா, அங்கிருந்து அரபு நாடுகள். கரோலுஸ் போனது இந்த வழி. அல்ஜீரியாவின் யு.எஸ்.எம். அல்ஜர் கிளப்புக்குப் பல சீசன் ஆடினார். அந்த கிளப் 2015-ல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி வரை போய், காங்கோவின் டி.பி. மஸெம்பேயிடம் தோற்றது. பிறகு அவர் சவூதியின் அல் அதாலா கிளப்புக்குப் போனார். இன்னொரு ஃபார்வர்டு பாலின் வோவி முதலில் பிரான்ஸ், பிறகு அல்ஜீரியா, பிறகு எகிப்தின் மிஸ்ர் லெல் மக்காஸா. சம்பளம், ஆட்டத்தின் தரம் இரண்டிலும் இந்த வழி பிரெஞ்சு கீழ் டிவிஷன்களுக்குக் குறைந்தது இல்லை. ஆனால் ஐரோப்பிய ஊடகத்தின் கண்ணில் படாது.

மூன்றாவது வழி கிழக்கே. ஞ்ஜிவா ரக்கோட்டோஹரிமலாலா என்ற விங்கர் தாய்லாந்தில் ஆடினார். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

ஃபானேவா முதல் வழிக்காரர். லீக் 2-வில் ஒரு ஸ்ட்ரைக்கரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? கிரெடெய் என்பது பாரிஸின் புறநகர். பாரிஸில் பெரிய கிளப் இருக்கும்போது கிரெடெய் மைதானத்துக்கு வருகிற கூட்டம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த கிளப் 2013-ல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறி 2016-ல் திரும்ப இறங்கியது. அணி இறங்கினால் பட்ஜெட் சுருங்கும், வீரர்கள் சிதறுவார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மாற்றம், வீடு மாற்றம். ஐ.டி. வேலையில் காண்ட்ராக்ட்டில் இருந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். இங்கே கூடுதலாக முழங்கால் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் வயதாகும்.

இதில் பத்து வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதே ஒரு சாதனை. ஆனால் அட்டவணையில் தாக்குப்பிடிப்பதற்கு என்று ஒரு பத்தி கிடையாது.

தேசிய அணி என்ற சுமை

சரி, இப்போது தேசிய அணி. ஃபானேவா பல வருஷம் ஆடிய அந்த அணி தோற்பதையே வழக்கமாக வைத்திருந்தது. 2014-ல் ஃபிஃபா தரவரிசையில் மடகாஸ்கரின் இடம் 190. கீழே மொத்தமே இருபது நாடுகள்கூடத் தேறாது.

ஐரோப்பாவில் தொழில் செய்கிற ஒரு வீரருக்கு இப்படிப்பட்ட அணிக்கு ஆடுவது நஷ்டக் கணக்கு. பாரிஸில் இருந்து அண்டனானரிவோவுக்கு விமானத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல். போய், ஆடி, திரும்பி வந்தால் உடம்பு களைத்துப் போயிருக்கும். அந்த வாரம் கிளப் கோச் வேறு ஸ்ட்ரைக்கரை இறக்குவார். அவன் கோல் அடித்துவிட்டால் உங்கள் இடம் காலி. ஃபானேவா இதையெல்லாம் தெரிந்தே வருஷா வருஷம் போய் வந்தார், கேப்டனும் ஆனார். நாட்டுக்காக அதிக கோல் அடித்தவர்களின் வரிசையிலும் அவர் பெயர் உண்டு.

மாற்றம் வந்தது 2017 வாக்கில். நிக்கோலா டூப்வி என்ற பிரெஞ்சுக்காரர் பயிற்சியாளராக வந்தார். அவரும் பெரிய பெயர் இல்லை. தேசிய அணியைப் பார்த்துக்கொண்டே பிரான்சின் நான்காம் டிவிஷனில் ஃப்ளெரி என்ற கிளப்பையும் பயிற்றுவித்தவர்! அவர் செய்த முக்கிய காரியம், பிரான்சில் பிறந்து வளர்ந்த மலகாஸி வம்சாவளி வீரர்களைத் தேடிப் பிடித்தது. லியோன் கிளப்பின் ஜெரெமி மொரெல், அமெரிக்காவில் மினசோட்டாவுக்கு ஆடிய ரொமான் மெத்தனீர், பெல்ஜியத்தில் ஷார்லுவாவுக்கு ஆடிய மார்க்கோ இலாய்மஹரிட்ரா. இளையோர் அணியில் வேறு நாட்டுக்கு ஆடியிருந்தாலும் வயது வரம்பு இல்லாமல் நாடு மாறலாம் என்று ஃபிஃபா 2009-ல் விதியைத் தளர்த்தியிருந்ததும் இதுபோன்ற அணிகளுக்குக் கைகொடுத்தது.

தகுதிச் சுற்று

2017 மார்ச்சில் சாவ் டோமே என்ற குட்டித் தீவு நாட்டோடு ஆரம்பச் சுற்று. அதிலேயே மொத்தம் 4-2 என்றுதான் தாண்டினார்கள். பிறகு செனகல், ஈக்வடோரியல் கினி, சூடான் இருந்த குழு. சூடானை அவர்கள் மண்ணிலேயே 3-1 என்று தோற்கடித்தார்கள்.

2018 செப்டம்பர் 9-ஆம் தேதி செனகலோடு சொந்த ஊரில் ஆட்டம், மஹமாசினா ஸ்டேடியம். சாடியோ மானே வருகிறார் என்று ஊரே திரண்டது. நுழைவாயிலில் நெரிசல். ஒருவர் இறந்துபோனார், சுமார் நாற்பது பேர் காயம். ஆட்டம் நடந்தது, 2-2 டிரா. இந்த ஸ்டேடியத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 16-ஆம் தேதி ஈக்வடோரியல் கினியை 1-0 என்று ஜெயித்து மடகாஸ்கர் வரலாற்றில் முதல் தடவையாகத் தகுதி பெற்றது. கோல் அடித்தது தாய்லாந்து வழிக்காரர் ஞ்ஜிவா. ஒரு நாட்டின் கால்பந்துக் கனவை முடித்து வைத்தவர் தாய்லாந்து லீக்கில் ஆடுகிறவர் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இங்கே ஒரு நேர்மையான அடிக்குறிப்பு. ஆப்பிரிக்கக் கோப்பையை 16 அணிகளில் இருந்து 24 ஆக விரித்தது 2017 ஜூலையில். 2019-தான் அந்த வடிவில் முதல் போட்டி. மடகாஸ்கர் 10 புள்ளியோடு குழுவில் செனகலுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. பழைய முறையில் குழுவில் முதலில் வந்தவர்களும், இரண்டாவதாக வந்தவர்களில் வெகு சிலரும் மட்டும்தான் போக முடியும். அதாவது பழைய முறை இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லாமல் போயிருக்கலாம். விரிவாக்க முடிவு எடுத்தபோது ஆப்பிரிக்கக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் அஹமத் அஹமத், அவரும் மடகாஸ்கர்காரர். இதில் சதி எதுவும் தேட வேண்டாம். விரிவாக்கத்தால் மௌரிட்டானியா, புருண்டி நாடுகளும் அதே வருஷம் முதல் தடவையாக உள்ளே வந்தன. ஆனால் அதிர்ஷ்டத்தின் பங்கை மறைத்துவிட்டுச் சாதனைக் கதை எழுதக்கூடாது, அவ்வளவுதான். உள்ளே வந்ததில் அதிர்ஷ்டம் இருக்கலாம். உள்ளே வந்த பிறகு நடந்தது வேறு.

எகிப்து, 2019

தரவரிசையில் 108-வது இடத்தில் இருந்த அணி. எல்லாரும் எதிர்பார்த்தது மூன்று தோல்வி, வீடு திரும்பல்.

ஜூன் 22, கினியோடு 2-2. அனிசே அபெல் ஒன்று, கரோலுஸ் ஒன்று. பின்தங்கி, முன்னேறி, கடைசியில் ஒரு பெனால்ட்டியால் டிரா.

அடுத்த ஆட்டம் ஜூன் 27, புருண்டியோடு. அதற்கு முந்தின நாள் ஜூன் 26, மடகாஸ்கரின் சுதந்திர தினம். அண்டனானரிவோவில் அதே மஹமாசினா ஸ்டேடியத்தில் இலவச இசை நிகழ்ச்சி. வாசலில் மறுபடியும் நெரிசல். குறைந்தது 15 பேர் இறந்தார்கள். மறுநாள் எகிப்தில் இந்த அணி மைதானத்தில் இறங்கியது. 76-வது நிமிஷத்தில் இலாய்மஹரிட்ரா ஃப்ரீ கிக்கில் அடித்த ஒரே கோலில் ஜெயித்தது. ஆப்பிரிக்கக் கோப்பையில் அந்த நாட்டின் முதல் வெற்றி. அந்த நாளில் ஊரில் அதை எப்படிக் கொண்டாடியிருப்பார்கள், கொண்டாட முடிந்ததா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

ஜூன் 30, நைஜீரியா. மூன்று தடவை கோப்பை வாங்கிய அணி. அவர்களுக்கு அடுத்த சுற்று ஏற்கனவே உறுதியாகிவிட்டிருந்தது, உண்மைதான். இருந்தாலும் நைஜீரியா நைஜீரியாதான். 13-வது நிமிஷத்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரர் செய்த தவறைப் பிடித்து, கோல்கீப்பரையும் தாண்டிப் போய் பொலிடா அடித்தார். 53-வது நிமிஷத்தில் கரோலுஸின் ஃப்ரீ கிக் ஒருவர் மேல் பட்டுத் திரும்பி உள்ளே போனது. 2-0. குழுவில் முதலிடம்.

பிறகு ஜூலை 7, காங்கோ ஜனநாயகக் குடியரசோடு. மடகாஸ்கர் அதிபர் ஆண்ட்ரி ரஜோலினா ஒரு தனி விமானத்தில் நூற்றுக்கணக்கான ரசிகர்களைக் கூட்டிக்கொண்டு அலெக்ஸாண்ட்ரியா வந்திறங்கினார். 9-வது நிமிஷத்தில் அமடா தூரத்தில் இருந்து ஒன்று வைத்தார். 21-ல் பக்காம்பு சமன் செய்தார். அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் 1-1. 77-வது நிமிஷத்தில் வந்த கிராஸை ஃபானேவா தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். 2-1.

கால்பந்துப் படம் என்றால் இங்கேயே முடித்திருப்பார்கள். ஆனால் 90-வது நிமிஷத்தில் எம்பெம்பா ஒரு ஹெட்டரில் மறுபடி சமன் செய்துவிட்டார். கூடுதல் நேரம், பிறகு பெனால்ட்டி ஷூட்அவுட். காங்கோவின் டிசராங், பொலாசி இருவரும் தவறவிட, 4-2 என்று மடகாஸ்கர் ஜெயித்தது. முதல் தடவை வந்த அணி காலிறுதியில்.

காலிறுதியில் ஜூலை 11-ஆம் தேதி துனிசியாவிடம் 0-3. கால்களில் தெம்பு தீர்ந்துபோனது வெளிப்படையாகத் தெரிந்தது. ஊர் திரும்பியபோது தெருவெல்லாம் மக்கள். வீரர்களுக்கு நாட்டின் தேசிய விருது கிடைத்தது. ஃபானேவாவின் தேசிய அணி வாழ்க்கையும் அந்தத் தொடரோடு முடிந்தது.

ஏழு கோல்களை எண்ணிப் பார்த்தால்

அந்த அணியைப் பற்றி அப்போது வந்த கட்டுரைகளில் நிறைய ஒரே விஷயத்தைச் சொன்னது: 'பிரான்சில் பிறந்தவர்களைச் சேர்த்ததால் வந்த வெற்றி.' நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து கோல்களை எண்ணினேன்.

எகிப்தில் மடகாஸ்கர் அடித்தது மொத்தம் 7 கோல். கரோலுஸ் 2. பொலிடா, அமடா, ஃபானேவா ஆளுக்கு ஒன்று. இந்த ஐந்தும் மடகாஸ்கரிலேயே வளர்ந்து, அங்கே ஆட்டம் கற்றவர்கள் அடித்தவை. மீதி இரண்டில் அனிசே அண்டனானரிவோவில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். இலாய்மஹரிட்ரா மட்டும்தான் பிரான்சில் பிறந்தவர். தகுதி பெற்றுத் தந்த கோலை அடித்த ஞ்ஜிவாவும் உள்ளூர்த் தயாரிப்பு.

இப்போது பின்னால் பாருங்கள். கோல்கீப்பர் மெல்வின் அத்ரியன், தடுப்பாட்டத்தில் மொரெல், மெத்தனீர், ரீயூனியனில் பிறந்த தோமா ஃபோன்டேன். எல்லாரும் பிரெஞ்சு அமைப்பில் வளர்ந்தவர்கள்.

ஆக, முன்னால் தீவு, பின்னால் பிரான்ஸ்! ஏன் இப்படி? இது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைக் கட்டுப்படுத்துவது, ஒருவரை ஏமாற்றித் தாண்டுவது, நெருக்கத்தில் கோல் வாசலைப் பார்ப்பது இதெல்லாம் தெருவிலும் பள்ளி மைதானத்திலும் ஒரு பையன் தானாகக் கற்றுக்கொள்ளலாம். நான்கு பேர் ஒரே கோட்டில் நின்று, ஒரே நொடியில் முன்னேறி, ஒரே நொடியில் பின்வாங்குவதைத் தெருவில் கற்க முடியாது. அதற்கு ஒரே அணியோடு வருஷக்கணக்கில், வாராவாரம், யாராவது திருத்திக்கொண்டே இருக்க ஆட வேண்டும். மடகாஸ்கரில் இல்லாதது அதுதான். டூப்வி கொண்டுவந்தவர்கள் அந்த ஓட்டையை அடைத்தார்கள். முன்னால் கோல் அடிக்க ஆட்கள் ஏற்கனவே இருந்தார்கள், பல வருஷமாகக் காத்துக்கொண்டு. அதில் ரொம்ப நாளாகக் காத்திருந்தவர்களில் ஒருவர் ஃபானேவா.

ஏழு கோல் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை, இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் நடந்தது இந்த ஊகத்துக்குக் கொஞ்சம் பலம் சேர்க்கிறது.

அதற்குப் பிறகு

2019-க்குப் பிறகு மடகாஸ்கர் ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் திரும்பவே இல்லை. 2021, 2023, 2025 மூன்று பதிப்பிலும் தகுதி பெறவில்லை. வம்சாவளி வீரர்களைத் தேடிப் பிடிப்பது ஒரு தலைமுறைக்கு வேலை செய்யும். அவர்களுக்கு வயதானதும் மறுபடி தேட வேண்டும்.

ஆனால் இன்னொரு போட்டி இருக்கிறது: சொந்த நாட்டு லீக்கில் ஆடுகிறவர்கள் மட்டும் பங்கேற்கும் ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப், சுருக்கமாக 'சான்'. வெளிநாட்டு கிளப்பில் ஆடுகிற ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாது. 2023 தொடக்கத்தில் அல்ஜீரியாவில் நடந்த பதிப்பில் மடகாஸ்கர் மூன்றாவது இடம். பயிற்சியாளரும் உள்ளூர்க்காரர், 'ரோரோ' என்று அழைக்கப்படும் ரொமுவால் ரக்கோட்டொண்ட்ராபே. 2025 ஆகஸ்ட்டில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த பதிப்பில் கென்யாவை அவர்கள் ஊரிலேயே பெனால்ட்டியில் வென்று, சூடானையும் தாண்டி, இறுதிப் போட்டி. நைரோபியில் மொராக்கோவிடம் 2-3 என்று போராடித் தோற்றார்கள்.

புரோ லீக் தொடங்கிய நாலாவது வருஷம் மூன்றாவது இடம், ஆறாவது வருஷம் இறுதிப் போட்டி. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு என்று நிரூபிக்க முடியாது. ஆனால் வருஷம் முழுக்க ஆட ஒரு லீக் இருந்தால் தீவுக்குள்ளேயே ஒரு முழு அணியை, தடுப்பாட்டம் உட்பட, உருவாக்க முடியும் என்பதாவது தெரிகிறது. 2019-ல் டி.வி.யில் அந்த ஹெட்டரைப் பார்த்த 15 வயசுப் பையனுக்கு 2025-ல் 21 வயசு.

இதை மகிழ்ச்சியான முடிவு என்று சொல்லிவிட்டு எழுந்துவிட ஆசைதான். ஆனால் மஹமாசினா நடுவில் நிற்கிறது. 2019 வெற்றிக்குப் பிறகு அந்த ஸ்டேடியத்தை இடித்துப் பெரிதாக்கி, சுமார் 40,000 பேர் உட்காரும்படி கட்டி, அணியின் பெயரையே வைத்து 'பரேயா ஸ்டேடியம்' என்று 2021-ல் திறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 25, இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா. வாசலில் மறுபடியும் நெரிசல். குறைந்தது 12 பேர் சாவு, சுமார் 80 பேர் காயம். ஐந்து வருஷத்தில் ஒரே இடத்தில் மூன்றாவது தடவை. கட்டடம் மாறியது, கூட்டத்தை உள்ளே விடுகிற முறை மாறவில்லை. தடுப்பாட்டத்தைப் பற்றி மேலே சொன்னதுதான் இங்கேயும். உற்சாகம் தானாக வரும். ஒழுங்கை யாராவது உட்கார்ந்து, திட்டமிட்டு, திரும்பத் திரும்பச் சரிபார்த்துத்தான் உண்டாக்க வேண்டும்.

திரும்ப அந்த அட்டவணைக்கு

ஃபானேவாவின் அட்டவணையில் அந்த 77-வது நிமிஷக் கோல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கிளப் பத்திகளில் அது வராது. கடைசியில் 'தேசிய அணி' என்ற ஒற்றை வரியில், மொத்த எண்ணிக்கையில் ஒன்றாகக் கரைந்து கிடக்கிறது. சாவ் டோமே மாதிரி ஒரு அணிக்கு எதிராக அடித்திருந்தாலும் அதே ஒன்றுதான். யாருமே பார்க்காத தோல்விகளுக்காக அவர் பாரிஸில் இருந்து பறந்து போன வருஷங்களுக்கு அங்கே எண்ணிக்கையே இல்லை.

அந்த ஆட்டத்தின் சுருக்க வீடியோ யூடியூபில் கிடைக்கும். நேரம் இருந்தால் பாருங்கள். கோலை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், அதற்கு முந்தின சில நொடிகளில் அவர் எங்கே நிற்கிறார், எப்போது ஓட ஆரம்பிக்கிறார் என்று கவனியுங்கள். லீக் 2-வின் காலி மைதானங்களில் வருஷக்கணக்காக ஓடிப் பழகிய அதே ஓட்டம்தான் அது.